பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் பொருத்திய டிஆர் பேனல்: இரண்டு ஆண்டு அனுபவம்

எங்கள் சிறிய மருத்துவமனையில் இருந்த பழைய எக்ஸ்ரே இயந்திரத்தை மாற்றாமல், படம் பதியும் கேசட்டுக்குப் பதிலாக 14-க்கு 17 அங்குல டிஆர் பேனல் (கதிரை நேரடியாக டிஜிட்டல் படமாக மாற்றும் தட்டு) ஒன்றை வாங்கிப் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. படம் சில விநாடிகளில் திரைக்கு வந்துவிடுகிறது, தெளிவிலும் குறையில்லை. ஆனால் "கதிர்வீச்சு தானாகவே குறைந்துவிடும்" என்று விற்பனையாளர் சொன்னது மட்டும் சரியல்ல.

பிலிம் காலத்தில் எக்ஸ்போஷர், அதாவது செலுத்தும் கதிரின் அளவு, கூடினால் படம் கறுத்துப்போய்த் தவறைக் காட்டிக்கொடுக்கும். பேனலிலோ மென்பொருள் கருமையைச் சரிசெய்துவிடுவதால், தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்கு கதிர் செலுத்தினாலும் படம் அழகாகத்தான் வருகிறது. குறைவாகச் செலுத்தினால்தான் புள்ளி புள்ளியாகத் தெரிந்து மருத்துவர் கோபிக்கிறார். அதனால் கை தானாகவே கூடுதல் பக்கம் சாய்கிறது.

இதைத் தடுப்பது, பேனலில் பட்ட கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று திரையின் ஓரத்தில் காட்டும் விலகல் எண். பூஜ்யம் என்றால் இலக்கு அளவு, +3 என்றால் அதைப் போல இரு மடங்கு. இருமலுடன் வந்த நான்கு வயதுக் குழந்தைக்கு, கேசட் காலத்து அளவுச் சார்ட்டைப் பார்த்து 4 எம்ஏஎஸ் (குழாயின் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய அளவு; இது கூடினால் கதிரும் கூடும்) கொடுத்தபோது +5 காட்டியது, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அன்றே குழந்தைகளுக்கான அளவை 1.25-ஆகக் குறைத்தேன், சிதறும் கதிரைத் தடுக்கப் பேனலின் முன் வைக்கும் கிரிட்டையும் எடுத்துவிட்ட பிறகு அதிலும் பாதியே போதுமானதாக இருந்தது. அந்தக் குழந்தையின் படத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

பெரியவர்களின் நெஞ்சுப் படத்துக்குச் சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், இடுப்பு முதுகெலும்புப் படங்களுக்கு ஏறத்தாழ 1.5 ஆகும். எனவே கவனம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ஆனால் பேனலைப் பொருத்திய பொறியாளர் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே இலக்கைப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். மூன்று முறை புகார் செய்த பின்னரே உறுப்புவாரியாகத் திருத்தித் தந்தார்கள். அதுவரை நாங்கள் பார்த்த எண்களுக்குப் பொருளே இல்லை. இடுப்பில் உலோக மூட்டு வைத்தவர்களுக்கு இப்போதும் அந்த எண்ணை நம்ப முடிவதில்லை.

இன்னொன்று, படத்தின் ஓரங்களை மென்பொருளிலேயே வெட்டும் வசதி. கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரைச் சுருக்காமல் அகலமாகத் திறந்து எடுத்துவிட்டு அப்புறம் வெட்டினால் படம்தான் சிறிதாகிறது, நோயாளியின் உடலில் பட்ட கதிர் பட்டதுதான். புதிதாக வரும் டெக்னீசியன்களுக்கு இந்தப் பொத்தானை நான் முடக்கி வைத்திருக்கிறேன்.

பேனல் வாங்கத் தகுந்ததே. உறுப்புவாரியான இலக்கும், குழந்தைகளுக்குத் தனிச் சார்ட்டும் பதிந்து காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.