ஹொனலுலு பிஷப் அருங்காட்சியகம்: இறகு அங்கிகளுக்காகவே போகலாம்

மாமோ, ஹவாய் பெருந்தீவில் மட்டும் வாழ்ந்த கரும்பறவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியோடு அற்றுப்போனது. வாலடியில் இருந்த பொன்மஞ்சள் இறகுகளைக் கொண்டு அரசர்களுக்கு அங்கி கட்டினார்கள். அந்தக் கைவேலையைப் பார்க்க, 1889இல் தொடங்கிய பிஷப் அருங்காட்சியகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை.

காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். ஹவாய் அரங்கில் மூன்று தளங்கள். மேலே தொங்கும் திமிங்கலத்தைப் பார்த்தே பலர் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். நேரம் குறைவு என்றால் முதலில் மூன்றாம் தளத்துக்கு ஏறுங்கள். அரசர்களின் வரலாறு அங்கேதான். பிறகு காஹிலி எனும் இறகுக் கம்பங்கள் உள்ள அறைக்கு வாருங்கள்.

ஹவாய்த் தீவுகளை ஒன்றிணைத்த மன்னர் முதலாம் கமேஹமேஹாவின் அங்கி இந்தச் சேகரிப்பின் உச்சம். ஏறக்குறைய 4,50,000 இறகுகள், 80,000 மாமோக்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது ஒரு பறவைக்கு ஐந்தாறு இறகுதான். அது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1779இல் ஆங்கிலக் கடலோடி கேப்டன் குக்குக்கு ஹவாய் பெருந்தீவின் மன்னர் கலனிஓபுஉ போர்த்திய அங்கியும் நியூசிலாந்திலிருந்து 2016இல் இங்கே திரும்பி வந்திருக்கிறது.

அங்கியின் நிறத்தில் மயங்கி நின்றுவிடாமல் கட்டுமானத்தைக் கவனியுங்கள். அடியில் ஒலோனா செடியின் நாரில் முடிந்த வலை. சின்னஞ்சிறு இறகுக் கொத்துகளைக் கீழ்விளிம்பிலிருந்து வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டே மேலேறுவார்கள். ஓடு வேய்ந்ததுபோல மேல்வரிசை கீழ்வரிசையின் முடிச்சுகளை மறைத்துவிடும். மஞ்சளிலும் வேறுபாடு உண்டு: அடர்ந்த பொன்னிறம் மாமோ, வெளிர்ந்த பளிச்சென்ற மஞ்சள் ஓஓ என்ற பறவை. சிவப்பு இஇவி என்ற பறவையுடையது.

வெளிச்சம் குறைவாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். ஒளி பட்டால் இறகின் நிறம் வெளுக்கும், போன நிறம் திரும்பாது. கேமரா ஃபிளாஷை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை சற்று நில்லுங்கள்.

அங்கிகளால்தான் பறவை அழிந்தது என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். காடழிப்பு, எலி, கப்பலில் வந்த கொசு, அது பரப்பிய பறவை மலேரியா எல்லாம் சேர்ந்தே அழித்தன. இஇவி மட்டும் கொசு அதிகம் ஏறாத குளிர்ந்த மலைக்காடுகளில் தப்பியிருக்கிறது. மௌவி தீவுக்கும் போவதாக இருந்தால், ஹலேயகலா தேசியப் பூங்காவின் ஹாஸ்மர் தோப்பில் விடியற்காலையில் தேடிப் பாருங்கள்.