புளூடூத் ஹெட்செட்டை ஈக்வலைசர் கண்டுகொள்ளாதபோது: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

மாலை நேரங்களில் தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்கு ஸூமில் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். ஆகஸ்டில் பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேர்வு) வாய்மொழித் தேர்வு இருப்பதால் வாசிப்புப் பயிற்சிதான் அதிகம். பிள்ளை வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் என் காதில் தெளிவாக விழ வேண்டும். அதற்காகவே விண்டோஸ் மடிக்கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். ஒலியில் எந்தப் பகுதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிப்பதுதான் ஈக்வலைசர். அதைச் சுலபமாகக் கையாள மேலே பீஸ் என்ற முகப்பும் உண்டு. இரண்டும் இலவசம், இரண்டுமே எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் புளூடூத் ஹெட்செட்டோடு சேர்த்துப் பயன்படுத்தும் சக ஆசிரியர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “ஹெட்செட்டில் சத்தம் வருது, ஆனா மென்பொருள்ல எதை மாத்தினாலும் ஒண்ணும் ஆகலையே?”

உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

ஈக்வலைசர் ஏபிஓ தனியாக ஓடும் செயலி அல்ல. விண்டோஸின் ஒலிப் பாதைக்குள் உட்கார்ந்துகொள்ளும் சிறு நிரல் அது. இப்படிப்பட்ட நிரலைத்தான் ஏபிஓ என்கிறார்கள். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இந்த ஏற்பாடு இருக்கிறது. இதில் முக்கியமானது, ஒவ்வொரு ஒலிச் சாதனத்துக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஸ்பீக்கருக்குப் பதிந்தது ஹெட்செட்டுக்கும் சேர்ந்து வராது. ஆகவே முதலில் ஹெட்செட்டை இணைத்து, அதில் சத்தம் வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஈக்வலைசர் ஏபிஓவோடு வரும் டிவைஸ் செலக்டரைத் திறந்து, அந்தப் பெயருக்கு எதிரே டிக் போட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய பதிப்பில் இதற்குக் கான்ஃபிகரேட்டர் என்று பெயர். ஹெட்செட்டை நீக்கிவிட்டு மறுபடி இணைத்தாலோ, புளூடூத் டிரைவர் புதிதாக ஏறினாலோ, இந்தப் பதிவு போய்விடுவது உண்டு. நேற்று வரை வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த டிக்கைத்தான்.

டிக் இருந்தும் மாற்றம் கேட்கவில்லையா? விண்டோஸ் 11-இல் சிஸ்டம், சவுண்ட் வழியாக அந்த ஹெட்செட்டின் பக்கத்துக்குப் போய், ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் என்றால் ஏபிஓ எதுவுமே ஏறாது. அதுவும் சரியாக இருந்தால், டிவைஸ் செலக்டரின் பிரச்சினை தீர்க்கும் பகுதியில் நிறுவும் முறையை எஸ்எஃப்எக்ஸ்/இஎஃப்எக்ஸ் என்பதிலிருந்து எஸ்எஃப்எக்ஸ்/எம்எஃப்எக்ஸ் என மாற்றிப் பார்க்கலாம். ஒலிப் பாதையில் நிரல் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைக் குறிக்கும் பெயர்கள் இவை. சில டிரைவர்களுக்கு ஒன்று ஒத்துவரும், சிலவற்றுக்கு மற்றது.

இனி வருவதுதான் பலரையும் குழப்பும் இடம். பாட்டு கேட்கும்போது ஈக்வலைசர் ஒழுங்காக வேலை செய்யும். ஸூம் திறந்ததும் குரல் மங்கிவிடும். ஒரு மாணவியின் அம்மா தன் மடிக்கணினியைப் பற்றி என்னிடம் சொன்னார்: “டீச்சர், நீங்க பேசறது கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு.” அவர் சொன்னது சரிதான். வழக்கமான புளூடூத்தில் உயர்தர ஸ்டீரியோவுக்கு ஏ2டிபி என்ற வழி, மைக்கோடு பேசுவதற்கு எச்எஃப்பி என்ற வழி. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. ஏதாவது ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் தொட்டாலே போதும், எல்லாமே எச்எஃப்பிக்கு மாறிவிடும். அதில் சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, 8 கிலோஹெர்ட்ஸ், புதிய கருவியானால் 16. விண்டோஸ் 10-இல் இவை இரண்டும் ‘ஸ்டீரியோ’, ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று இரு தனிச் சாதனங்களாகத் தெரியும். ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டிருந்தால், ஸூமில் மென்பொருள் காணாமல் போனதாகத் தோன்றும். விண்டோஸ் 11-இல் ஒரே பெயர்தான், உள்ளே மாறுவது கண்ணுக்குத் தெரியாது.

சாம்பிள் ரேட்டில் பாதி வரைதான் ஒலி வரும்; 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4 கிலோஹெர்ட்சுக்கு மேல் ஒலியே கிடையாது. ஸகரத்தின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஈக்வலைசர் இருப்பதைக் கூட்டும், குறைக்கும். வராத ஒலியை வரவழைக்காது. ஒரு பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்த உட்காரும் ஆசிரியருக்கு இது சிறிய விஷயமே இல்லை. அதனால் என் ஏற்பாடு இதுதான்: மேசையில் தனி யுஎஸ்பி மைக், காதில் புளூடூத். ஸூமில் மைக் என்ற இடத்தில் ‘சிஸ்டத்தைப் போலவே’ என்று விடாமல் யுஎஸ்பி மைக்கைப் பெயர் சொல்லித் தேர்வு செய்திருக்கிறேன். கூடவே ‘டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்’ பகுதியில் ஹெட்செட்டின் சர்வீசஸ் பட்டியலில் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ டெலிஃபனி’ டிக்கை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வகுப்பு நடுவே குரல் மங்குவதில்லை. ஈக்வலைசரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் கூட்டி, சத்தம் உடையாமலிருக்க பிரீஆம்ப்பை (மொத்த ஒலியளவை) அதே அளவு குறைத்திருக்கிறேன். பிள்ளைகளின் குரலுக்கு இது போதும்.

வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு என்று எல்லாப் பக்கமும் வைஃபை. புளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. விட்டுவிட்டுக் கேட்டால் உங்கள் மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். கணினியில் செருகும் யுஎஸ்பி புளூடூத் டாங்கிள் என்றால், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அதுவும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு சிறு நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

புது ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள் எல்இ ஆடியோ என்ற புளூடூத்தின் புதிய ஒலி முறை பற்றிக் கேட்கிறார்கள். மைக் ஓடும்போதும் ஒலித்தரம் இந்த அளவுக்கு இறங்காது என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் ஹெட்செட் பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. மடிக்கணினியின் புளூடூத் சில்லும் டிரைவரும் ஆதரிக்க வேண்டும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்புமுன், விண்டோஸ் 11-இன் புளூடூத் அமைப்பில் ‘யூஸ் எல்இ ஆடியோ வென் அவெய்லபிள்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல யுஎஸ்பி மைக் ஒன்று வாங்குவதே மேல்.