‘ஆர்கானிக்’ கருப்பட்டியை நம்பி அம்மாவின் உடம்பைக் கெடுத்தேன்

கோவையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஓர் இயற்கை அங்காடி இருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். காப்பியில் சீனி போடாமல் இருக்க அவரால் முடிந்ததே இல்லை. வெள்ளைச் சர்க்கரையை வீட்டிலிருந்தே ஒழித்துவிடுவோம் என்று முடிவு செய்து, போன கார்த்திகையில் அந்தக் கடைக்குக் கருப்பட்டி வாங்கப் போனேன். கிலோ 480 ரூபாய். “இது பனையிலிருந்து வருவது சார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்” என்றார் கடைக்காரர். பொட்டலத்தில் பச்சை இலைப் படம், ‘100% ஆர்கானிக்’ என்ற எழுத்து. போதாக்குறைக்கு, போன வாரம்தான் காய்ச்சியது என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே நான் விழித்திருக்க வேண்டும். கருப்பட்டி காய்ச்சுவதற்கான பதநீரை இறக்குவது பெரும்பாலும் கோடையை ஒட்டிய மாதங்களில்தான். அடைமழைக் காலத்தில் புதுக் கருப்பட்டி எங்கிருந்து வந்தது?

அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். அவர் பிறந்தது கருப்பட்டிக்குப் பேர்போன, தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக்குப் பக்கத்தில். விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் பதநீர் காய்ச்சுவதையும், பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவதையும் பார்த்து வளர்ந்தவர். நான் வாங்கிய கருப்பட்டி வட்டு ஒன்றை அம்மிக் குழவியால் தட்டி உடைத்தார். உடைந்த இடம் வெளிச்சத்தில் மினுமினுத்தது. ஒரு துண்டை வாயில் போட்டவர் முகம் சுளித்தார். “கரிப்பே இல்லையேடா. சீனிப்பாகு மாதிரி வழவழவென்று கரைகிறது” என்றார். பதநீர்க் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் நல்ல கருப்பட்டியில் லேசான கரிப்பு இருக்கும், காப்பி குடித்து முடித்தால் டம்ளரின் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும் என்றும் சொன்னார். எங்கள் டம்ளர் கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது.

“அம்மா, இது ஆர்கானிக். சுத்தம் செய்து காய்ச்சுகிறார்கள்” என்றேன். பனங்காட்டில் வளர்ந்தவரின் நாக்கைவிட ஒட்டுத்தாளை நம்பினேன். மருந்து போலத் தினமும் இரண்டு வேளை காப்பியில் நானே போட்டுக் கொடுத்தேன். கருப்பட்டிதானே என்று சில நாள் கூடுதலாகவும் போட்டேன்.

மாசியில் இரத்தப் பரிசோதனை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 7.2 ஆக இருந்தது 9.1க்கு ஏறியிருந்தது. பாதத்தில் எரிச்சல் என்று அம்மா இரண்டு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். “அசல் கருப்பட்டியாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரை, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்” என்றார். கொஞ்சம் தாதுக்கள் இருப்பதால் அது சர்க்கரை நோய்க்கு உணவாகிவிடாது. ஆக, இரண்டு பொய்களை ஒன்றாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பொருள் கருப்பட்டி என்பது ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு அது ஆகும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். இயற்கை விளைபொருளுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இல்லை. பச்சை இலை அவர்களே அச்சடித்துக்கொண்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருந்தது. அதை ஆணையத்தின் செயலியில் போட்டுப் பார்த்தால், மசாலாத் தூள் பொட்டலமிடும் வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. இதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கிய அன்றே பார்த்திருக்கலாம்.

கடைக்காரரிடம் போனேன். “எங்களுக்கு வருவதே அப்படித்தான் சார், நாங்கள் காய்ச்சுவதில்லை” என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன், பேச்சை இதோடு விட்டுவிடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீராவது வேண்டும். அதற்குப் பனையேறி காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். சீனியோ கிலோ ஐம்பது ரூபாய்க்குள் மூட்டையாகக் கிடைக்கிறது. கலப்படம் செய்பவனுக்கு வேறு காரணமே வேண்டாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நம்பித்தான் நாம் பணம் கொடுக்கிறோம். கலப்படக்காரன் நம்மை மட்டும் ஏமாற்றவில்லை, உயிரைப் பணயம் வைத்து மரமேறுகிறவரின் கூலியையும் சேர்த்தே தின்கிறான்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பிரித்த பொட்டலத்தை மாதிரியாக ஏற்க முடியாது, கடையிலிருந்து தாங்களே எடுப்பதாகச் சொன்னார்கள். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். ஆனால் வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அப்படிச் சொல்லியே வாங்குங்கள், கடைக்காரரின் முகத்தையும் அப்போது கவனியுங்கள். ரசீது தராத கடையில் வாங்காதீர்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். பாத எரிச்சல் இன்னும் முழுதாகக் குறையவில்லை. அம்மா இப்போது இனிப்பே இல்லாமல் காப்பி குடிக்கிறார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதமிருக்கும் இரண்டு வட்டுகளையும் ரசீதோடு சேர்த்துக் கட்டி, விசாரணைக்கு அழைக்கும் நாளுக்காக அலமாரியில் வைத்திருக்கிறேன்.