பைலட் வீட்டு மட்டன் பிரியாணி: ரோஸ்டர் வந்தாதான் அடுப்பு எரியும்

மொதல்ல சாப்பாடு. மட்டன் தம் பிரியாணி 14 வெள்ளி, கோழி 11. அரிசி உதிரி உதிரியா இருக்கு, கறி எலும்ப விட்டு தானா கழண்டு வருது, நெய் வாசம் தூக்கலா இருந்தும் சாப்ட்டப்புறம் நெஞ்ச அடைக்கல. கூட அன்னாசி அச்சார், தால்ச்சா. அந்த தால்ச்சாதான் மேட்டரே, கத்திரிக்கா கரையாம கெடக்கும், புளிப்பு கரெக்டா நிக்கும், எங்க வீட்ல அதுக்காகவே ஆர்டர் போடுறோம். கோழி சுமார்தான், காசு பாக்காம மட்டனே வாங்கிடுங்க.

நடத்துறது ஒரு ஏர்லைன் பைலட்டும் அவங்க அம்மாவும். சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. போர்டு வைக்கக்கூடாது, வெளியாள வேலைக்கு எடுக்கக்கூடாது, வீட்டுத் தொழிலுக்கு ரூல் அப்படி, அதனால மசாலா அம்மா, தம் போடுறது பைலட் பாய். வாட்ஸ்அப்ல ஆர்டர், பேநவ்ல (ஃபோன்ல அனுப்புறது) காசு, புளோக்குக்கு கீழ வாய்ட் டெக்ல வந்து வாங்கிக்கணும். வேலை எடத்துல எழுத்துல பர்மிஷன் வாங்கியிருக்காராம், இருந்தாலும் பேரு போடாதீங்க தம்பின்னு கேட்டுக்கிட்டாரு, அதான் போடல.

இப்ப குறை. எந்த நாள் சமையல்னு அவருக்கே ரோஸ்டர், அதாவது ஏர்லைன் குடுக்குற டூட்டி லிஸ்ட், வந்தப்புறம்தான் தெரியும். பையன் பொறந்தநாளுக்கு 20 பாக்கெட் சொல்லி வச்சிருந்தேன், முந்துன நாள் சாயங்காலம் மெசேஜ் வருது, ஸ்டாண்ட்பைல (தேவைப்பட்டா கூப்புடுற டூட்டி) இருந்தேன், கூப்ட்டுட்டாங்க, விடியக்காலைல ஃப்ளைட், நான் இப்ப தூங்கியாகணும், அம்மாவால தனியா அண்டா தூக்க முடியாது, மன்னிச்சிடுங்கன்னு. காசு உடனே திரும்பி வந்துடுச்சு, ஆனா வீட்ல நான் வாங்கின பேச்சு இருக்கே! கடைசில லிட்டில் இந்தியா பக்கம் தேக்கால போய் வாங்கிட்டு வந்தேன்.

ஆனா கோவம் எறங்கினப்புறம் யோசிச்சா, அவரு அந்த ராத்திரி முழிச்சு தம் போட்டு குடுத்துட்டு காலைல ஏரோபிளேன் ஓட்டப் போயிருந்தா நான் அந்த ஃப்ளைட்ல ஏறுவனா? மாட்டேன்.

பைலட்டுக்கு எதுக்குப்பா சைடு பிசினஸ், சம்பளம் கொட்டுதேன்னு நெறய பேரு கேக்குறாங்க. கொரோனா வந்த 2020 மார்ச்ச மறந்துட்டாங்க போல. எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) 96 விழுக்காடு ஃப்ளைட்ட குறைச்சுச்சு, அவங்களோட இன்னொரு கம்பெனி சில்க்ஏரோட சேத்து 147 விமானத்துல 138 தரையில நின்னுச்சு, உலகம் முழுக்க இதே கததான். அது இல்லன்னாலும் மெடிக்கல்ல ஒரு தடவ ஃபெயில் ஆனா போதும், பறக்க முடியாது. 2009 ஜனவரில நியூயார்க் ஹட்சன் ஆத்துல விமானத்த எறக்கி 155 பேர காப்பாத்துனாரே பைலட் சல்லன்பெர்கர், அவரே அடுத்த மாசம் அமெரிக்க காங்கிரஸ்ல போயி என் சம்பளத்துல 40 விழுக்காடு வெட்டிட்டாங்கன்னு சொன்னாரு, அவருக்கும் சைடுல ஒரு பாதுகாப்பு ஆலோசனை கம்பெனி இருந்துச்சு. அதே 2009 பிப்ரவரில அமெரிக்காவுல பஃபலோ ஊர் பக்கத்துல ஒரு சின்ன விமானம் விழுந்து 50 பேர் செத்தாங்க, அதுல கோ-பைலட்டுக்கு வருஷ சம்பளமே சுமார் 16,000 டாலர்தான், முன்னாடி ஒரு காப்பிக்கடைலயும் வேலை பாத்திருக்காங்கன்னு விசாரணைல வெளிய வந்துச்சு. விபத்துக்கு காரணம் காப்பிக்கடை இல்ல, வேகம் கொறஞ்சு விமானம் விழப்போகுதுன்னு வர்ற ஸ்டால் வார்னிங்குக்கு கேப்டன் தப்பா ரியாக்ட் பண்ணதுன்னுதான் ரிப்போர்ட், ஆனா அதுக்கப்புறம்தான் பைலட் ஓய்வு நேர ரூலயே அமெரிக்காவுல மாத்தி எழுதினாங்க.

அதனால சம்பாதிக்கட்டும், தப்பே இல்ல, ஆனா ஒரு மெசேஜ் போட்டு இழுத்து மூடக்கூடிய தொழிலா இருக்கணும். வாடகை, ஆளுக்கு சம்பளம்னு மாட்டிக்கிட்டா கண்ணு சொருகினாலும் அடுப்ப பத்த வச்சுத்தான் ஆகணும். பாய்கிட்ட ஒருத்தரு கோப்பிக்கடைல ஒரு சாப்பாட்டு ஸ்டால்ல பங்கு போடலாம்னு கேட்டாராம், வேணாம்னுட்டாரு. அவங்க அம்மாவுக்குத்தான் அதுல கொஞ்சம் வருத்தம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு கொறச்சது கோழிக்கு, கேன்சலுக்கு இல்ல. கல்யாணம், பொறந்தநாள்னு பெரிய ஆர்டர இவர நம்பி குடுக்காதீங்க. ஆஃப் நாள் லிஸ்ட் வந்தவொடனே புக் பண்ணிடுங்க, மட்டன் சீக்கிரம் தீந்துடுது, தால்ச்சா எக்ஸ்ட்ரா வேணும்னா 3 வெள்ளி, ஆர்டர் போடும்போதே சொல்லிடணும், கீழ வந்து கேட்டா கெடைக்காது.