ஏ.எல். கலைப்பிரிவு நோட்ஸ் ‘செட்’ வாங்கப் போகிறீர்களா? காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்

கொழும்பில் ஏ.எல். (உயர்தரம்) கலைப்பிரிவு படிக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 18,500 ரூபாய் போனது. அதைவிட, என் மகள் ஐந்து மாதம் விடியற்காலை நாலரைக்கு எழும்பிப் பிழையான விடைகளை மனப்பாடம் செய்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகளுக்கு அரசறிவியல், புவியியல், தமிழ். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் மாறிப் போய் அரசறிவியலுக்கு மட்டும் கிளாஸ் எடுத்தாள். மற்ற இரண்டுக்கும் அனுப்ப வசதி இல்லை. நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது வணிகப்பிரிவு. அவளுடைய பாடங்களில் எது சரி, எது பிழை என்று எனக்குத் தெரியாது. விற்றவருக்கு வசதியாகப் போனது அதுதான்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. கலைப்பிரிவின் 13 பாடங்களுக்கும் முழு நோட்ஸ், புதிய பாடத்திட்டம், பல்தேர்வு வினாக்கள் விடையோடு, பரீட்சை முடியும்வரை வட்ஸ்அப்பில் புதுப்பித்துத் தருவோம் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். மாதிரிக்கு ஆறு பக்கம். அந்த ஆறு பக்கமும் உண்மையிலேயே நல்ல பக்கங்கள். யாரோ ஓர் ஆசிரியர் கையால் எழுதிய டியூட், அதாவது கிளாஸில் கொடுக்கும் குறிப்பு. எழுத்து முத்து முத்தாக இருந்தது. சோல்பரி அரசியலமைப்பையும் 1972, 1978 அரசியலமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டிருந்தார். மகள் பார்த்தவுடனே, “அம்மா, இது இருந்தால் எனக்கு வேறு கிளாஸ் வேண்டாம்” என்றாள்.

அழைத்துக் கேட்டேன். விற்பவர் மரியாதையாகத்தான் பேசினார், வாய்க்கு வாய் “அக்கா, அக்கா” என்று. மூன்று பாடம் மட்டும் தர முடியாதாம், செட்டாகத்தான் தருவார்களாம். மகள் எடுக்கும் பாடம் மூன்று, மிச்சம் பத்துப் பாடம் எனக்கு எதற்கு என்று கேட்டதற்கு, “தங்கச்சியின் கூட்டாளிகளுக்கு உதவுமே அக்கா” என்றார். அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் வங்கியின் வைப்பு இயந்திரத்தில் காசைப் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. ரசீது கேட்டேன், பார்சலோடு வரும் என்றார். வரவில்லை.

பார்சல் நான்கு நாளில் வந்தது, நீல மட்டை போட்டுச் சுருள் கம்பி கட்டிய புத்தகங்களாக. பிரித்து மேசையில் அடுக்கியபோது மகளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, செலவு செய்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். பல பக்கங்களில் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை குறுக்காக ஓடியது. போட்டோக்கொப்பி அழுக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு எங்கள் ஒழுங்கையில் போட்டோக்கொப்பி எடுக்கிற கொமியுனிகேஷன் கடைத் தம்பியிடம் காட்டினபோதுதான், அது யாருடையதோ பெயரை அழித்த இடம் என்று சொன்னார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு மூன்று எழுத்து இன்னும் தெரிகிறது. புவியியல் தொகுதியில் 41ஆம் பக்கத்துக்குப் பிறகு 57 வருகிறது. இடையில் இருந்த பக்கங்களே இல்லை.

ஜூன் மாதத் தவணைப் பரீட்சைக்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அரசறிவியல் விடைத்தாளில், சனாதிபதி பாராளுமன்றத்தை எப்போது கலைக்கலாம் என்ற கேள்விக்கு மகள் “நான்கரை ஆண்டுகள் முடிந்த பின்” என்று எழுதியிருக்கிறாள். மிஸ் சிவப்பில் வெட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், இதை எங்கே படித்தாய் என்று. அடுத்த நாள் என்னையும் வரச் சொன்னார். புத்தகத்தைக் கொண்டுபோனேன்.

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் இதை வைத்துப் பார்க்கலாம். நான்கரை ஆண்டு என்பது 2015இல் வந்த, அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தின் கணக்கு. 2020இல் 20ஆம் திருத்தம் அதை இரண்டரை ஆண்டாக்கியது. 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் வந்த பிறகும் அது இரண்டரைதான். “போன பாராளுமன்றம் 2020 ஓகஸ்ட் 20 முதன்முதலாகக் கூடியது. 2024 செப்டெம்பர் 24 கலைக்கப்பட்டது. நான்கு வருடமும் ஒரு மாதமும்தானே? உங்கள் புத்தகத்தின்படி பார்த்தால், பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்காமல் அன்றைக்கு அதைக் கலைத்திருக்க முடியாது” என்றார். அதற்குப் பிறகு வந்த தேர்தலில் நானும் வரிசையில் நின்று வாக்குப் போட்டவள்தான். ஆனாலும் என் வீட்டு மேசையில் கிடந்த புத்தகத்தில் பிழை இருக்கும் என்று நினைக்கவில்லை.

மிஸ் இன்னொன்றும் சொன்னார். பழைய நோட்ஸ் முழுக்கப் பிழையாக இருந்தால் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். இதில் முக்கால்வாசி சரி. சனாதிபதியின் பதவிக்காலம் ஐந்து வருடம் என்று இருக்கிறது, அது இன்றைக்கும் சரி. உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் சபைக்கு அரசியலமைப்புப் பேரவை என்று இருக்கிறது. 20ஆம் திருத்தம் அதை எடுத்துவிட்டுப் பாராளுமன்றப் பேரவை என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 21ஆம் திருத்தம் பழையபடி அரசியலமைப்புப் பேரவைக்கே திரும்பியது. அதனால் அந்த அத்தியாயமும் பார்க்கச் சரி போலவே தெரியும். ஆனால் நடுவில் நடந்த மாற்றமே புத்தகத்தில் இல்லை. அதைக் கேட்டால் பிள்ளை என்ன எழுதும்?

புவியியல் அதைவிட மோசம். அன்றிரவே மகளும் நானும் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தோம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி எங்கள் பாடத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். நீலப் புத்தகத்தில் “வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை” என்று இருந்தது. அது தமிழ்நாட்டுக் கணக்கு. அங்கே படிக்கிற பிள்ளைக்கு அது சரியான விடை. எங்கள் பிள்ளைக்குப் பிழை. ஓர் இடத்தில் “இலங்கை மாநிலத்தில்” என்றே இருக்கிறது. அங்கத்தைய பரீட்சைக் குறிப்பை எடுத்து, கம்பியூட்டரில் ‘தமிழ்நாடு’ என்ற சொல் வந்த இடமெல்லாம் ‘இலங்கை’ என்று மாற்றிவிட்டிருக்கிறார்கள் போல.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு வழி பிடிபட்டது. பாடம் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். எழுத்தைப் பாருங்கள். நாங்கள் ஒக்டோபர் என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் அக்டோபர் என்று எழுதுவார்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் பாராளுமன்றம், அங்கே நாடாளுமன்றம். எங்களுக்கு அளவையியல், அங்கே தருக்கவியல். எங்களுக்குச் சனாதிபதி, அங்கே குடியரசுத் தலைவர். எந்தத் தமிழும் குறைந்ததில்லை, ஆனால் இலங்கைப் பரீட்சைக்கு என்று விற்கிற புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அங்கத்தைய சொல் வந்தால், அது இந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதியது இல்லை. மாதிரிப் பக்கத்தை அவர்கள் தெரிவு செய்து அனுப்ப விடாதீர்கள். நடுவில் ஒரு பக்க எண்ணைச் சொல்லி, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்த அந்தக் கையெழுத்து டியூட், மொத்த செட்டிலும் அதே ஆறு பக்கம்தான் இருந்தது. அதை எழுதிய ஆசிரியருக்கு இது தெரியுமோ என்னவோ. அவருடைய உழைப்பையும் சேர்த்துத்தான் திருடியிருக்கிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். முதலில் பிரிண்டிங் மிஸ்டேக் என்றார். பிறகு திருத்திய பிடிஎஃப் வரும், ஒரு கிழமை பொறுங்கள் என்றார். மூன்றாம் முறை என்னை வட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் குழுவில் இருநூறுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அட்மின் மட்டும்தான் எழுதலாம். ஒரு பெற்றோர் மற்றப் பெற்றோரோடு பேச வழியே இல்லை. முன்பே சில இலக்கங்களைக் குறித்து வைத்திருந்ததால் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். வத்தளையில் ஓர் அம்மாவும், ஹட்டனிலிருந்து வந்து இங்கே போர்டிங்கில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பியும் பதில் போட்டார்கள். இரண்டு பேரிடமும் அதே நீல மட்டை, அதே நான்கரை ஆண்டு. அந்தத் தம்பி இன்னும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரித்தேன். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. இது தெரிந்திருந்தால் ஜனவரியிலேயே இரண்டு பக்கத்தையாவது மிஸ்ஸிடம் கொடுத்துப் பார்த்திருப்பேன். அதனால் சொல்கிறேன், வாங்கிய கிழமையே பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். வைப்பு இயந்திரத்தில் வரும் துண்டு மை மங்கிப்போகும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். என்னுடையது இப்போது கிட்டத்தட்ட வெள்ளைத்தாள்.

மிஸ் காட்டித் தந்தவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் வளநூல்களும் தமிழில் இருக்கின்றன. அவை இன்றைய பாடத்திட்டத்துக்குத்தானா என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். திருத்தங்கள் சேர்த்த அரசியலமைப்பு பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தேடி எடுங்கள். எந்தக் கேள்விக்கு எப்படிப் புள்ளி போட்டார்கள், பிள்ளைகள் எங்கே தவறினார்கள் என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பாடத்துக்குப் பழைய நூல்கள் தேவைப்பட்டால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. மகள் சனிக்கிழமை கிளாஸ் முடிந்ததும் அங்கே போகிறாள். இப்போது நோட்ஸை அவளே எழுதுகிறாள், ஒரு பக்கத்தில் ஆண்டு, மறுபக்கத்தில் என்ன மாறியது என்று. படித்த பிழையை மறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறதாம். நேற்றும் “நான்கரை” என்று எழுதத் தொடங்கி வெட்டினாள்.

வத்தளை அம்மா வாங்கியது ஏப்ரல் கடைசியில். அவருக்கு மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அவர் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறார். என்னிடம் இருக்கும் பக்கங்களின் பிரதியையும், மிஸ் குறித்துத் தந்த பிழைகளையும் அதோடு இணைத்திருக்கிறோம். நான் தனியாகப் பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் நீல மட்டை போட்ட இந்த செட் இருந்தால், அரசறிவியல் தொகுதியில் பாராளுமன்றத்தைக் கலைக்கும் பகுதியை எடுத்துப் பாருங்கள். நான்கரை என்று இருந்தால் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு, வாங்கிய திகதியைப் பாருங்கள்.