போலீஸ் விசாரணைக்குக் கூடவே வக்கீல் வருவார் என்று ₹14,500 வாங்கினார்கள், யாரும் வரவில்லை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன்.

போலீஸ் விசாரணைக்குக் கூடவே வக்கீலை அனுப்பி வைக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் சேவைக்கு ₹14,500 கட்டினோம். வக்கீலும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. பெயரைப் போட்டால் நோட்டீஸ் விடுவார்களாம் (அதற்கு மட்டும் வக்கீல் உடனே கிடைப்பார் போல), அதனால் போடவில்லை. ராத்திரி நேரத்தில் பதறிப்போய் போனில் "வக்கீல், போலீஸ் நோட்டீஸ், அவசரம்" என்று தேடினால் முதல் ஆளாக வந்து நிற்கும் ரகம். அடையாளம் அவ்வளவு போதும்.

என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறான். கூட வேலை பார்த்த ஒருவன் "என் அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு, ரெண்டு நாளைக்கு உன் அக்கவுண்டைக் குடு" என்று கேட்க, இவன் ஏ.டி.எம். கார்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். வேறு ஏதோ ஊரில் ஒரு பெரியவர் ஆன்லைன் ஷேர் மார்க்கெட் மோசடியில் இழந்த பணத்தில் ஒரு பங்கு இவன் அக்கவுண்ட் வழியாகப் போயிருக்கிறது. முதலில் அக்கவுண்ட் முடங்கியது, அப்புறம் சைபர் கிரைமிலிருந்து நோட்டீஸ் வந்தது. மேலே பி.என்.எஸ்.எஸ். (போலீஸ் விசாரணை, கைது எல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் புதுச் சட்டம்) 35(3) என்று போட்டிருந்தது. பழைய சட்டத்தில் 41ஏ நோட்டீஸ் என்பார்களே, அதேதான். 2024 ஜூலையிலிருந்து எண் மாறியிருக்கிறது. கைது செய்யவில்லை, வந்து பதில் சொல் என்று கூப்பிடுவது. எங்கள் வீட்டில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை யாரும் மிதித்ததில்லை. அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நம்பிக்கை வந்த இடத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் விழுவார்கள். அவள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, முதல்ல தண்ணி குடிங்க" என்றாள். அப்புறம் மளமளவென்று சட்டம் சொன்னாள். அரசியலமைப்பு 20(3), தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 22(1), கைதானவருக்குத் தான் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ள உரிமை. 1978-ல் நந்தினி சத்பதி வழக்கு, ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சரே போலீஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார், நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார், எல்லாம். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, பிற்பாடு சரிபார்த்துவிட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எங்கேயாவது சந்தேகம் தட்டியிருக்கும். உண்மையான சட்டத்தைச் சொல்லிவிட்டு, அதன் வாலில் தங்கள் சரக்கைக் கட்டி அனுப்பினார்கள்.

சரக்கு என்னவென்றால், "எங்க வக்கீல் உங்க தம்பி பக்கத்துலயே உட்கார்ந்துக்குவார், கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிடுவார். அவர் வர்ற வரைக்கும் தம்பி எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லட்டும்." இதற்கு ₹9,500. வெளியூர் வருகை, அவசரக் கட்டணம் சேர்த்து ₹14,500. இன்று இரவு 12 மணிக்குள் கட்டினால்தான் காலையில் ஆள் வருவார். வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. வக்கீல் பெயர், பார் கவுன்சில் பதிவு எண், ஊதா நிறத்தில் முத்திரை. சீட்டு எடுத்து வண்டி டியூவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து ₹14,500 அனுப்பினேன்.

காலையில் பத்து மணிக்கே நானும் தம்பியும் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறோம். போன் போட்டால் "அவிநாசி தாண்டிட்டார்". அரை மணி கழித்து "கோர்ட்ல ஒரு சின்ன வேலை, முடிச்சிட்டு வந்துடுவார்". அவிநாசி தாண்டியவர் எப்படிக் கோர்ட்டில் இருக்கிறார் என்று கேட்டேன், லைன் கட். உள்ளேயிருந்து ரைட்டர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டார். நோட்டீஸில் போட்ட நேரத்துக்கு ஆஜராகாவிட்டால் அதையே காரணமாக வைத்துக் கைது செய்ய முடியும் என்று நோட்டீஸ் தாளிலேயே இருந்தது. தம்பி தனியாக உள்ளே போனான்.

உள்ளே நடந்ததை அவன் சொல்லக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாவற்றுக்கும் "தெரியாது சார்" என்றிருக்கிறான். இந்த அக்கவுண்ட் யாருடையது? தெரியாது சார். இன்ஸ்பெக்டர் ஒன்றும் பேசாமல் ஃபைலைத் திருப்பி அவன் பக்கம் தள்ளியிருக்கிறார். பேங்க்கில் அக்கவுண்ட் திறந்த ஃபாரம். இவனுடைய போட்டோ, சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்ட அந்தப் பழைய போட்டோ, கீழே இவனுடைய கையெழுத்து. "இது யாருப்பா, உங்க பெரியப்பாவா?" அதற்கு மேல் பயந்துபோய் எதை எதையோ உளறி, கடைசியில் எழுதி வைத்ததில் கையெழுத்தும் போட்டுவிட்டு மத்தியானம் வெளியே வந்தான். அந்த வக்கீல் அப்போதும் அவிநாசி தாண்டிக்கொண்டுதான் இருந்தார்.

இனி பணத்தைத் திரும்பக் கேட்ட கதை. முதல் பதில், "தங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம், டிக்கெட் உருவாக்கப்பட்டது." இரண்டாவது, நீங்கள் ராத்திரி எங்கள் பிரதிநிதியுடன் பேசியதே ஆலோசனை, ஆகவே சேவை நிறைவேற்றப்பட்டது, டிக்கெட் மூடப்பட்டது. தண்ணி குடிங்க என்று சொன்னதற்கு ₹14,500! மறுபடி சண்டை போட்டதில், பணமாகத் தர முடியாது, அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளும்படி கூப்பன் தருகிறோம் என்றார்கள். அடுத்த தடவை போலீஸ் கூப்பிடும்போது பயன்படும் என்று அவர்களே வாழ்த்தாதது ஒன்றுதான் குறை. அதற்கப்புறம் மேனேஜர் என்று ஒருவன் லைனுக்கு வந்தான். "மேடம், நாங்க வெறும் பிளாட்ஃபாரம். வக்கீல் வரலைன்னா அவரைக் கேளுங்க. கன்ஸ்யூமர் கோர்ட் போறேன்னு மிரட்டாதீங்க, வக்கீல் சேவை அதுல வராதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு." அதுவும் உண்மையான தீர்ப்புதான், 2024 மே மாதம் வந்தது. ஆனால் அது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ளதைப் பற்றியது. நடுவில் உட்கார்ந்து காசு வாங்கிய கம்பெனி அந்தக் குடைக்குள் எப்படி நுழைகிறது என்று கேட்டேன். "மெயில் போடுங்க" என்றான்.

சரி, வக்கீலையே கேட்போம் என்று கடிதத்தில் இருந்த பெயரை வைத்துத் தேடிப் பிடித்தேன். நிஜமாகவே இருக்கிறார், சென்னையில். சொத்து வழக்கு மட்டும் பார்ப்பவராம். திருப்பூர், சைபர் கிரைம், என் தம்பி, ₹14,500, எதுவுமே அவருக்குத் தெரியாது. எப்போதோ ஒரு தளத்தில் பெயரைப் பதிந்து வைத்தாராம், அதோடு சரி. "என் முத்திரையே அது இல்லைங்கம்மா" என்று அவரே பதறினார். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது, பார் கவுன்சில் விதி 36. இப்படி ஆன்லைன் தளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. அப்படியும் என் போனில் இன்றைக்கும் அதே விளம்பரம் ஓடுகிறது.

இப்போது தம்பிக்காகப் பார்ப்பவர் யார் தெரியுமா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல். கோர்ட் வளாகத்துக்குள்ளேயே ஆபீஸ் இருக்கிறது. கட்டணம் பூஜ்யம். வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது, இவர்களுக்கு வருமானக் கணக்குக் கிடையாது. பனியன் கம்பெனித் தம்பி அதில் நேராக வந்துவிட்டான். ஊரிலேயே இருந்த ஆபீஸை எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை, ₹14,500-க்கு வழி காட்ட மட்டும் கம்ப்யூட்டர் முதல் கூப்பன் வரை எல்லாம் தயார்.

அந்த அம்மா (வக்கீல்தான், ஐம்பது வயது இருக்கும், ரொம்பக் கறார்) எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் தம்பியைத்தான் ஒரு வாங்கு வாங்கினார். "தெரியாதுன்னு சொல்றதும், பதில் சொல்ல விருப்பம் இல்லைன்னு சொல்றதும் ஒண்ணாடா? முதலாவது பொய். ரெண்டாவது உரிமை." பெயர், ஊர், வேலை, இதையெல்லாம் மறைக்க ஒன்றுமில்லை. எந்தப் பதில் நம்மைக் குற்றத்தில் மாட்டிவிடுமோ அதற்கு மட்டும், "வக்கீலைக் கலந்துவிட்டுச் சொல்கிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது என்பதே சுத்தப் புருடாவாம். பி.என்.எஸ்.எஸ். 38, கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது, ஆனால் விசாரணை முழுக்க அல்ல என்றும் அதே வரியில் சொல்கிறது. நேர்மையான வக்கீல் வந்தாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காது கேட்காத தூரத்தில்தான் உட்கார வைப்பார்கள். அதற்கே பெரிய பலன் உண்டு என்கிறார், ஏனென்றால் வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியுமே.

கையெழுத்து? போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கவே கூடாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. போட்டதால் தலை போகாது, போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் சாட்சியமாக நிற்காது என்றார். ஆனால் காவலில் இருக்கும்போது ஒருவன் சொன்னதை வைத்து ஏதாவது பொருளைக் கண்டுபிடித்து எடுத்தால், அந்தத் துண்டு மட்டும் நிற்கும். அதனால்தான் வாய் முக்கியம். தம்பிக்கு அடுத்த விசாரணை வருகிறது, இந்தத் தடவை அந்த அம்மா கூட வருகிறார்.

எச்சரிக்கை நிறைய எழுத நினைத்தேன், எழுதி எழுதிக் கை வலிக்கிறது. சுருக்கமாக:

நோட்டீஸ் வந்தால் முதல் போன் 15100, தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண். ராத்திரியில் யாருக்கும் ஃபீஸ் அனுப்பாதீர்கள். வக்காலத்திலோ கடிதத்திலோ உள்ள வக்கீலிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிட்டுப் பணம் கொடுங்கள். உங்களுக்குப் பதிலாக நானே பதில் சொல்கிறேன் என்று எவன் சொன்னாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் மட்டும் வந்தால் அதுவே சந்தேகம், அப்படி அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் கம்பெனி மேல் புகார் கொடுத்துவிட்டேன். முத்திரை விஷயத்தில் அந்தச் சென்னை வக்கீலும் தனியாகப் புகார் எழுதுகிறேன் என்றிருக்கிறார், எழுதுவாரா பார்க்கலாம். ₹14,500 வந்தால் சொல்கிறேன். கூப்பனாக வந்தாலும் சொல்கிறேன்.