நீலகிரிக்கு சைக்கிளில் ஏற எந்தப் பாதை?

அக்கா மகன் கோவையில் புதிதாக ஒரு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக், வாங்கியிருக்கிறான். பருத்த டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. வாங்கிய மறுநாளே போன். "மாமா, ஊட்டிக்கு எந்த வழியா ஏறலாம்?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நீலகிரிக்குச் சமவெளியில் இருந்து ஏற நான்கைந்து சாலைகள் இருக்கின்றன, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டினால் ஒரு சாலை பர்லியாறு வழியாகக் குன்னூருக்குப் போகிறது, இன்னொன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு. காரமடையில் இருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூருக்கு மூன்றாவது. மலையின் வடக்கே, முதுமலைப் பக்கம் மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக நான்காவது. கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக வரும் நெடுஞ்சாலையும் உண்டு. அதை இங்கே நான் சேர்ப்பதில்லை.

முதலில் ஒரு தப்புக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். மலைப்பாதை என்றதும் எல்லோரும் கேட்பது "எத்தனை கொண்டை ஊசி வளைவு?" என்றுதான். குன்னூர் பாதையில் 14, கல்லட்டியில் 36, மஞ்சூர் பாதையில் 43. கொல்லிமலையில் 70. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கொல்லிமலையில் பாதிதான் கல்லட்டி என்று ஆகிவிடும். இரண்டிலும் மிதித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். வளைவு என்பது ஏற்றத்தை இழுத்து நீட்டி இளக்குவதற்காகப் போடுவது. வளைவில் பெரும்பாலும் சாலை அகலமாகி, வெளி விளிம்பில் கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும், மூச்சு வாங்க இடம் கிடைக்கும். உயிரை எடுப்பது இரண்டு வளைவுக்கு நடுவே நேராக நிற்கும் துண்டுதான். ஆகவே எண்ண வேண்டியது வளைவை அல்ல, எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு உயரம் என்பதை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 325 மீட்டர் வாக்கில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் ஏறக்குறைய 1,800 மீட்டரில். இரண்டுக்கும் தூரம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். காகிதத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மிதித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

குன்னூர் சாலையில் கல்லாறு வரை கிட்டத்தட்ட சமதளம், பாக்குத் தோப்புகளின் நிழல். கல்லாறு பழப்பண்ணை அருகே மலை ஆரம்பிக்கிறது. அப்புறம் பிடிவாதமான, ஒரே சீரான ஏற்றம். தொடைக்கு இது நல்ல சாலை. ஒரு கியரைப் போட்டு ஒரு தாளத்தைப் பிடித்துவிட்டால் பர்லியாறு வரை மாற்ற வேண்டியதே இல்லை. மலை ரயிலும் காலை ஏழு மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குன்னூருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. சுமாராக மிதிப்பவருக்கும் அதே நேரம்தான். ரயிலுக்குப் பல்சக்கரத் தண்டவாளம் இருக்கிறது, நமக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் சாலை தேசிய நெடுஞ்சாலை. லாரி, அரசு பஸ், சுற்றுலா வேன், மூட்டை கட்டிய கார் எல்லாம் இதில்தான். உள்வளைவில் பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரம் நாம் நிற்க நினைத்த இடத்தைத் தின்றுகொண்டு போகும். ஏறுகிறவன் மூச்சை ஆழமாக இழுக்கும் அதே நேரத்தில் டீசல் புகை முகத்துக்கு நேரே வரும். ஒருமுறை ஒரு லாரியின் பின்னால் நான்கு வளைவு வரை மாட்டிக்கொண்டேன். அதுவும் என் வேகம்தான், நானும் அதன் வேகம்தான். முந்தவும் முடியவில்லை, நின்று தவறவிடவும் மனசு வரவில்லை. இந்தப் பாதையில் எனக்கு உள்ள ஒரே பலவீனம் பர்லியாறு பழக்கடைகள். ஆனி, ஆடியில் போனால் மங்குஸ்தான் கிடைக்கும். வியர்த்து வழிகிற கையால் அந்தக் கருஞ்சிவப்புத் தோலை அமுக்கி உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுளையை வாயில் போட்ட நிமிடத்துக்காக மட்டும் இந்தப் பாதையை மன்னிக்கலாம்.

கோத்தகிரி சாலையில் நெரிசல் அந்த அளவுக்கு இல்லை. ஏற்றம் ஒரே சீராக இல்லாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடி இறுக்கும். புதியவருக்கு அது நல்லது, இடையிடையே கால் ஆறும். மலைக்கு முதன்முதலில் ஆங்கிலேயர் ஏறி வந்ததும் இந்தப் பக்கம்தான். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரி அருகே திம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக நிற்கிறது. குதிரையும் ஆளும் ஏறத் தோதான பக்கம் எது என்று அப்போதே பார்த்துத்தானே வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இதிலும் இரண்டு சங்கடங்கள். குஞ்சப்பனையைச் சுற்றிப் பலாமரங்கள். பலா பழுக்கும் மாதங்களில் யானைகள் வாசனை பிடித்து வந்துவிடும், சாலையிலேயே நிற்கும். காரில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னால் எடுப்பார். சைக்கிள்காரருக்கு ஏற்றுவதற்குக் கண்ணாடி இல்லை. தூரத்தில் பஸ்கள் நிற்பதைக் கண்டால் அந்த இடத்திலேயே இறங்கி, ஏதாவது ஒரு பஸ் ஓரமாக ஒண்டிக்கொள்வதுதான் புத்தி. அடுத்தது மே மாத சீசன். அப்போது ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப்பாதையாக்கி அனுப்புவது போலீசாரின் வழக்கம். அந்த நாட்களில் கோத்தகிரி பாதையில் மேலே மிதிப்பது ஆற்று வெள்ளத்துக்கு எதிரே நீந்துவது மாதிரி. மே மாதம் பேசாமல் வீட்டில் இருங்கள்.

கோத்தகிரியோடு நிற்காமல் ஊட்டி வரை போகிறவர்களுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. கட்டபெட்டு தாண்டி தொட்டபெட்டா பிரிவு வரை ஏறி, அங்கிருந்து ஊட்டிக்குள் இறங்கலாம். ஊட்டியே 2,240 மீட்டர். அதையும் தாண்டி மேலே போய்விட்டு ஊருக்குள் சறுக்கி இறங்குவதில் ஒரு சின்னத் திமிர் இருக்கத்தான் செய்கிறது. குன்னூர் வழியாக வருபவருக்கு அது கிடைக்காது.

சரி, கல்லட்டி. மசினகுடியை விட்டுக் கொஞ்ச தூரம் சமதளம். இருபுறமும் முள்மரக் காடு, எதிரே சுவர் மாதிரி மலை. சாலை எங்கே ஏறப்போகிறது என்று தேடினால் கண்ணுக்குத் தெரியாது. கிட்டே போனதும் தெரியும், தெரிந்ததும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். சுமார் 12 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சராசரியே 8, 9 சதவீதம். மலை ரயில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறும் மிகச் செங்குத்தான இடமே ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், அதாவது 8 சதவீதம் வாக்கில். ரயிலுக்குப் பல் தேவைப்பட்ட அந்த ஏற்றம் இங்கே சராசரி. சில வளைவுகளுக்கு அப்பால் அது இரட்டிப்பாகிறது. அங்கே உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், எழுந்து மிதித்தால் பின்சக்கரம் மணலில் வழுக்கும். மூக்கு ஹேண்டில்பாரைத் தொடும்படி குனிந்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்து மிதிப்பதுதான் வழி. எனக்கு முதல் தடவை பாதி வழியில் வேகம் நடையை விடக் குறைந்துவிட்டது. விறகுக் கட்டோடு போன ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார். போகிறபோது "தள்ளிக்கிட்டு வாங்க தம்பி, ஒண்ணும் குத்தமில்ல" என்றார். தள்ளிக்கொண்டுதான் போனேன்.

ஆனால் வண்டித் தொல்லை என்று பார்த்தால் குன்னூர், கோத்தகிரி சாலைகளை விட இது நிம்மதி. விபத்துகள் அதிகமாகி, வெளியூர் வண்டிகள் ஊட்டியில் இருந்து இந்தப் பாதையில் இறங்கத் தடை போட்டுவிட்டார்கள். ஏறுவதற்குத்தான் விடுகிறார்கள். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் சைக்கிள் பயணத்தில் வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் பேசிக்கொண்டிருப்பது இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். கஷ்டம் என்னவென்றால், கோவைப் பக்கத்து ஆளுக்கு இது சுற்று வழி. கல்லட்டியில் ஏறுவதற்கு முன் மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். மைசூரில் இருந்து பந்திப்பூர் வழியாக வருபவர்களுக்குத்தான் இது வாசல் கதவு. அந்தக் காட்டுச் சாலையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். புலிகள் காப்பகம் என்பதால் சைக்கிளை விடுவார்களா என்பதைச் செக்போஸ்ட்டில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சீகூர் பக்கம் யானை வழித்தடம், விடியலிலும் அந்தியிலும் மிதிக்கவே கூடாது.

மஞ்சூர் பாதையைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன். அழகில் நான்கிலும் இதற்கே முதலிடம். காடு, கெத்தை மின்நிலையம், மலையில் இருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், மறுபடி காடு. பஞ்சரானால் உதவிக்கு ஆள் வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், டீக்கடை என்பது மேலே போய்த்தான். தனியாகப் போகாதீர்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர்கள் காலையில் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மஞ்சூரில் இருந்து ஊட்டி இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதையும் மனசில் வையுங்கள்.

இப்போது எம்டிபி வாங்கியவர்களின் உண்மையான ஆசைக்கு வருவோம்: மண் பாதை. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற மாதிரி சைக்கிளுக்கென்றே வெட்டிய தடம் என்று நம்பி இங்கே வராதீர்கள். இருப்பது தேயிலைத் தோட்டத்து ஜீப் பாதைகளும் காட்டுத் தடங்களும். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். 2024இல் அரசு அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளும் நடப்பவர்களுக்கானவை. மிச்சம் தோட்டத்துப் பாதைகள், அவை தனியார் நிலம். மேஸ்திரியிடமோ ஆபீசிலோ ஒரு வார்த்தை கேட்டால் பல இடங்களில் விடுவார்கள், கேட்காமல் போனால் நாய்தான் வரும். இந்த வகையிலும் கோத்தகிரிக்கே என் ஓட்டு. கோடநாடு காட்சிமுனைக்குப் போகும் சாலையும், அதை ஒட்டிய தோட்டங்களும் ஒரு நாளைக்குப் போதும். மழை பெய்தால் அந்தச் செம்மண் சோப்பு மாதிரி, டயரின் பள்ளங்கள் எல்லாம் அடைத்துக்கொண்டு பருத்த டயர் வழுக்கை டயராகிவிடும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பாறை தெரிந்து, அது தலையைத் தூக்கிப் பார்த்தால், அது காட்டுமாடு. இறங்கி நில்லுங்கள், மணியடிக்காதீர்கள்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை ஊறவைக்கும், தொட்டபெட்டா மறைப்பதால் கோத்தகிரிக்கு அவ்வளவு வராது. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதங்களில் குன்னூர், கோத்தகிரி இரண்டையும் விட்டுவிடலாம். தை, மாசி எல்லாப் பாதைக்கும் நல்லது, குளிர் மட்டும் விரலைக் கடிக்கும்.

ஏறுவதைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். விழுகிறவர்கள் விழுவது இறக்கத்தில். வருடங்களுக்கு முன் வாடகை சைக்கிள் ஒன்றில் கோத்தகிரியில் இருந்து இறங்கினேன். பிரேக்கை விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தேன், அதுதான் பாதுகாப்பு என்று நினைப்பு. பாதி வழியில் கருகிய ரப்பர் வாடை. முன்னால் போன லாரி என்று நினைத்தேன். முன்னால் லாரியே இல்லை. லீவர் கைப்பிடியைத் தொடும் வரை வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. உள்பக்க மண்மேட்டில் சாய்ந்து, முழங்கையைத் தேய்த்து நிறுத்தினேன். பிரேக் கட்டைகள் ஏற்கெனவே தேய்ந்து கிடந்தன, வாங்கும்போது பார்க்காதது என் தப்பு. அன்றில் இருந்து, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைப்பது, வளைவில் விட்டுவிடுவது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுவது.

மருமகனுக்குச் சொன்னது இதுதான். தை மாதம், வார நாள், விடிந்த பிறகு மேட்டுப்பாளையத்தில் கிளம்பு. கோத்தகிரி வழி. இரண்டு பாட்டில் தண்ணீர் சொந்தமாக எடுத்துக்கொள், மேலே பிளாஸ்டிக் பாட்டில் தடை. அரவேணு வந்ததும் டீயும் வர்க்கியும் சாப்பிடு, அதற்கு மேல் கோத்தகிரி கூப்பிடு தூரம்தான். கல்லட்டியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"அடுத்த வருஷமா? மாசியிலேயே போறோம் மாமா, ஃபிரெண்ட்ஸ் நாலு பேர்" என்கிறான். கியர் அவனுக்குப் போதும். பிரேக் கட்டையை மட்டும் கழற்றி எனக்குப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.